எட்டு நிமிடம் சும்மா விட்டால் கை எங்கே போகிறது

மே மாதம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் பள்ளி வராந்தாவில் கூட்டம் நிற்கும். மார்க் ஷீட் வாங்க வந்தவர்கள் அதை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஏதாவது ஒரு வாத்தியாரைப் பிடித்து நிறுத்தி, "சார், இவன எதுல சேக்கலாம்?" என்று கேட்பார்கள். நான் கணக்கு எடுக்கிறவன் என்பதால் என்னிடம் கொஞ்சம் கூடுதலாகவே கேட்பார்கள். இருபது வருடமாக இந்தக் கேள்வி காதில் விழுகிறது. 'இவன்' பக்கத்திலேயேதான் நிற்பான், செருப்பைப் பார்த்துக்கொண்டு. அவனிடம் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரொம்ப வருடம் நானும் கேட்டதில்லை.

பிறர் எதிர்பார்ப்புக்காக ஒரு வழியில் போனவர்கள் உள்ளுக்குள் வதங்கிப்போவதும், தன் கைக்கு வருகிற வேலையைப் பிடித்துக்கொண்டவர்கள் காசு குறைவாக இருந்தாலும் தெளிவாக இருப்பதும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் அது ஏன் அப்படி நடக்கிறது, எந்த இடத்தில் அப்படி நடப்பதில்லை என்று யோசிக்காமல் பிள்ளைகளிடம் "உன் மனசு சொல்றதைக் கேள்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாதி உதவிதான். அந்த மீதியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் பெற்றவர்கள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமை என்று சொன்னால் தாமிரபரணியும் பச்சை வயலும்தான் வெளியூர்க்காரர்கள் கண்ணுக்குத் தெரியும், ஆற்றுக் கால்வாய் எட்டாத இடத்தில் கரிசலும் தேரிக்காடும் மழையை நம்பி உட்கார்ந்திருப்பது தெரியாது. அந்தப் பக்கத்து வீடுகளைத் தூக்கிவிட்டது படிப்பு. பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்ஃபோர்டு என்று சொல்வது வெறும் பெருமைப் பேச்சில்லை. தூய யோவான் கல்லூரி 1878-லும் தூய சவேரியார் கல்லூரி 1923-லும் வந்துவிட்டன. பிறகு மருத்துவக் கல்லூரி 1965-ல், அரசு பொறியியல் கல்லூரி 1981-ல், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990-ல். ஒரு வீட்டில் ஒருத்தர் வாத்தியார் ஆனால், ஒருத்தருக்குத் தபால் ஆபீஸில் வேலை கிடைத்தால், தங்கைக்குக் கல்யாணமும் தம்பிக்குப் படிப்பும் வீட்டுக்குக் காரை போட்ட சுவரும் அந்த ஒரு சம்பளத்திலிருந்து வந்ததைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அப்படிப்பட்ட ஊர் 'நிச்சயமான வேலை' என்ற ஒன்றை நம்புவதில் தப்பு என்ன?

அதற்கு மேல் பீடி இருக்கிறது. முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கம் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் திண்ணையில் பெண்கள் மடியில் சுளவை, அதாவது முறத்தை, வைத்துக்கொண்டு இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டிக்கொண்டிருப்பார்கள். ஆயிரம் பீடி என்றால் ஒரு முழு நாள். அந்த விரல்கள் சம்பாதித்த காசில்தான் என் வகுப்பில் பாதிப் பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பையனிடம் போய் அம்மா சொல்வதைக் கேட்காதே, உனக்குப் பிடித்ததைச் செய் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. சொன்னாலும் அவனால் கேட்க முடியாது, ஏனென்றால் அந்தச் சுளவு அவன் கண்முன்னாலேயே இருக்கிறது.

சரி, அப்படியானால் அம்மா ஆசைப்பட்டதைப் படித்து, வேலையும் வாங்கினவன் ஏன் சில நேரம் உள்ளே காலியாகிப்போகிறான்?

இதை மனோதத்துவத்தில் ஐம்பது வருடத்துக்கும் மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவில் எட்வர்ட் டெசி என்பவர் 1971-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். சோமா என்று ஒரு புதிர், ஏழு துண்டுகள், சேர்த்தால் ஒரு கனசதுரம், வேறுவிதமாகச் சேர்த்தால் வேறு வேறு உருவங்கள். கல்லூரி மாணவர்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது. இரண்டு குழுவாகப் பிரித்து மூன்று தடவை உட்கார வைத்தார். ஒரு குழுவுக்கு இரண்டாவது தடவை மட்டும், போட்டு முடித்த ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு டாலர். இன்னொரு குழுவுக்கு எப்போதும் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் நடுவில் ஏதோ காரணம் சொல்லிவிட்டு எட்டு நிமிடம் அறையை விட்டுப் போய்விடுவார்கள், அறையில் பத்திரிகைகளும் கிடக்கும், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். உண்மையான சோதனையே அந்த எட்டு நிமிடம்தான். மூன்றாவது தடவை காசு கிடையாது என்றானதும், முன்பு காசு வாங்கியிருந்தவர்கள் அந்தச் சும்மா இருந்த நேரத்தில் புதிரைத் தொட்டது குறைந்துபோனது. காசு வாங்காதவர்களுக்கு அப்படி ஆகவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 1973-ல், மார்க் லெப்பரும் கூட இருந்தவர்களும் இதையே மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். ஸ்கெட்ச் பேனாவில் படம் வரைவதை விரும்பின பிள்ளைகள். சிலரிடம் வரைந்தால் ரிப்பன் ஒட்டின சான்றிதழ் தருவோம் என்று முன்னாலேயே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள், சிலருக்குக் கொடுக்கவே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து அதே பேனாக்களை வகுப்பில் சும்மா வைத்தபோது, பரிசுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கினவர்களுக்கு ஆசை குறையவில்லை.

இதற்குப் பிறகு இந்த மாதிரி 128 சோதனைகளைச் சேர்த்து 1999-ல் அலசினார்கள். எதிர்பார்க்க வைத்துக் கொடுக்கிற பரிசு உள்ளே இருக்கும் ஆசையைக் குறைக்கிறது, மனதாரப் பாராட்டுவது கூட்டுகிறது என்பதுதான் மொத்தத்தில் வந்தது. ஆனால் பாராட்டிலும் ஒரு கண்ணி உண்டு, இதை நான் ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். "நல்லா செஞ்சிருக்க" என்பது ஒன்று. "நல்லா செஞ்சிருக்க, இப்படித்தான் செய்யணும்" என்பது இன்னொன்று. இரண்டாவதைக் கேட்டவர்களுக்கு அந்த வேலையில் இருந்த ஆசை குறைவதை டெசியோடு சேர்ந்து வேலை பார்த்த ரிச்சர்ட் ரையன் 1982-ல் காட்டினார். ஒரே ஒரு 'ணும்' சேர்ந்ததும் பிள்ளையின் வேலை நம்முடைய வேலை ஆகிவிடுகிறது.

இவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து கட்டின கொள்கையில் மனிதனுக்கு மூன்று பசி உண்டு என்கிறார்கள். நான் செய்வது என் இஷ்டத்தில் நடக்கிறது என்ற எண்ணம், இது எனக்கு வருகிறது என்ற தெம்பு, என்னைச் சேர்ந்தவர்கள் என்னோடு இருக்கிறார்கள் என்ற நிம்மதி. மூன்றும் வேண்டும். நம் வீடுகளில் மூன்றாவதைக் காட்டி முதல் இரண்டையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறோம். தன் இஷ்டம்தான் பெரிது என்று வீட்டை உதறிவிட்டு ஓடுகிறவன் முதலாவதற்காக மூன்றாவதைத் தொலைக்கிறான், அவனும் பசியோடுதான் இருப்பான்.

அதே கொள்கையில் எனக்கு ரொம்பவும் பயன்பட்ட இடம் இன்னொன்று. அடுத்தவர் எதிர்பார்ப்பு உள்ளே போவதில் இரண்டு விதம் இருக்கிறதாம். ஒன்று மென்று தின்றது, மற்றது மெல்லாமல் விழுங்கினது. அம்மா நர்ஸ் படிக்கச் சொன்னார், நானும் அந்த வேலையை நினைத்துப் பார்த்தேன், எனக்கும் அதில் அர்த்தம் தெரிகிறது என்றால், தொடங்கினது அம்மாவாக இருந்தாலும் அது இப்போது என்னுடையது. படிக்காவிட்டால் அம்மா முகத்தில் எப்படி முழிப்பேன் என்பது மட்டுமே காரணமாக இருந்தால் அது தொண்டையில் நிற்கிற சோறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பேரும் ஒரே கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில்தான் போவார்கள். வித்தியாசம் அந்த எட்டு நிமிடத்தில்தான் தெரியும். அதனால் பெற்றோர் ஆசைப்படுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை, பிள்ளைக்கு மெல்ல நேரம் கொடுக்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

இங்கே பாரதியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எட்டயபுரம் இப்போது தூத்துக்குடி மாவட்டம், 1986 வரைக்கும் அது நெல்லைதான். அப்பா சின்னச்சாமி ஐயருக்கு மகன் கணக்கும் இங்கிலீஷும் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்று ஆசை. அவரே எட்டயபுரத்தில் பஞ்சாலை தொடங்கிப் பார்த்தவர், இயந்திரங்களில் எதிர்காலம் இருக்கிறது என்று நம்பினவர், அந்தக் காலத்துக்கு அது தொலைநோக்குதான். பையனைத் திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கு அனுப்பினார். பையனோ கணக்கு என்றால் பிணக்கு, ஆமணக்கு என்று எதுகை தேடிக்கொண்டிருந்தான் என்று ஊரில் சொல்வார்கள். பிறகு தன் வாழ்க்கையைப் பாட்டாக எழுதினபோது, அந்தப் படிப்பில் அப்பாவுக்கு ஆயிரம் செலவானது, எனக்குத் தீமைதான் பல்லாயிரம் சேர்ந்தது என்று பாரதி கசப்போடு எழுதிவைத்தார். நான் கணக்கு வாத்தியார், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பையனுக்கு எதிரே கரும்பலகைப் பக்கம் நிற்பது நான்தான் என்று தோன்றும். சின்னச்சாமி ஐயர் கெட்ட அப்பா இல்லை. அவர் பார்த்த எதிர்காலத்தில் மகனின் கைக்கு இடம் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

கை என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். திறமை என்றால் பலர் சுலபமாக வருவது என்று நினைக்கிறார்கள், பிள்ளைகளும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால் கஷ்டம் வந்த முதல் நாளிலேயே இது எனக்கானது இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்ற ஆய்வாளர் ஓவியர்களைப் பார்த்துத்தான் தன் வேலையைத் தொடங்கினார். சோறு தூக்கம் மறந்து வரைவார்கள், முடிந்ததும் அந்தப் படத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்கள். அவர் கண்டது, ஒரு வேலையில் மனிதன் தன்னை மறப்பது வேலை சுலபமாக இருக்கும்போது நடப்பதில்லை. வேலையின் கடினம் கையின் திறமைக்குச் சரிக்குச் சரியாக நிற்கும்போதுதான் நடக்கிறது. ரொம்ப எளிதானால் சலிப்பு, ரொம்பக் கடினமானால் பயம். பத்தமடையில் நல்ல பாய் நெய்கிற பெண்களிடம் இதைப் பார்க்கலாம். ஆற்றங்கரைக் கோரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மயிரிழை மாதிரி கீறி, பருத்தி நூல் பாவில் ஒன்றொன்றாகக் கோத்து நெய்வார்கள், பட்டுப்பாய் என்று சொல்கிறது சும்மா இல்லை, துணி மாதிரி மடியும். கோரை எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு சிரமம், அவ்வளவு கவனம். ஆனால் அங்கேயே, அந்தத் தறிக்குப் பக்கத்திலேயே, இது என்னோடு போகட்டும், என் மகளுக்கு வேண்டாம் என்று சொல்கிற அம்மாவும் இருக்கிறார். உழைப்புக்கு ஏற்ற கூலி வராத திறமையை மகளுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் திறமை பற்றிப் பேசுவது நேர்மையாக இருக்காது.

காசு விஷயத்தை மறைக்கக் கூடாது. புதுமைப்பித்தன் தாசில்தார் மகன். திருநெல்வேலியில் பி.ஏ. முடித்தவர், சென்னைக்குப் போய் எழுத்தையே பிழைப்பாக எடுத்துக்கொண்டார். தமிழ்ச் சிறுகதைக்குக் கிடைத்தது என்ன என்று நமக்குத் தெரியும், அவருக்குக் கிடைத்தது வறுமையும் காசநோயும்தான், 1948-ல் போய்விட்டார், 42 வயது. அவர் அப்படிப் போயிருக்கக் கூடாது என்று சொல்ல நான் யார், ஆனால் என் வகுப்புப் பிள்ளையிடம் அந்தக் கதையை அரைகுறையாகச் சொல்லி அனுப்ப மாட்டேன்.

வேறு மாதிரி வாழ்ந்தவர்களும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். பெருங்குளத்து மாதவையா உப்புத் துறையில் அரசாங்க அதிகாரி, அந்த வேலைக்கு நடுவிலேயே 1898-ல் பத்மாவதி சரித்திரம் எழுதினார், வேலையை விட்டபின் 1924-ல் சொந்தப் பத்திரிகையும் தொடங்கினார். எழுத்தாளர் வண்ணதாசன் வங்கியில் வேலை பார்த்தவர். பாஸ்கரத் தொண்டைமான் கதை இன்னும் அழகு: வருவாய்த் துறையில் வேலை, மாற்றல் மேல் மாற்றல், மற்றவர்கள் அலுத்துக்கொள்கிற அந்த மாற்றல்களில் அவர் போன ஊரெல்லாம் கோயிலும் சிற்பமும் பார்த்தார். அது 'வேங்கடம் முதல் குமரி வரை' என்று எழுத்தானது, தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இன்று நாம் பார்க்கிற சிலைகளைச் சேர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. இவர்கள் ஊர் கேட்ட வேலையையும் செய்தார்கள், தங்கள் எட்டு நிமிடத்தையும் விடவில்லை. இதைச் சமரசம் என்று சிலர் குறைவாகப் பேசுவார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதற்கு வேண்டிய பிடிவாதம் வேலையை விடுவதற்கு வேண்டியதைவிட அதிகம்.

அப்புறம், துணை. டி.கே. சிதம்பரநாத முதலியார், ரசிகமணி டி.கே.சி., வக்கீலுக்குப் படித்தவர், மனம் என்னவோ கவிதையில். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றத்தில் நண்பர்கள் கூடி, ஒரு பாட்டை எடுத்துச் சொல்லி, ரசித்து, திரும்பச் சொல்லி, நேரம் போவது தெரியாமல் இருப்பார்கள். வட்டத்தொட்டி என்று அதற்குப் பெயர். தொண்டைமானும் அங்கே போய் வந்தவர்தான். தனக்குப் பிடித்ததைத் தனக்கு மட்டுமே பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் எத்தனை நாள் அதைக் காப்பாற்ற முடியும்? பார்க்க நாலு பேர் வேண்டும், "ஏல, இது நல்லாருக்கே" என்று சொல்ல ஒருத்தராவது வேண்டும். மூன்றாவது பசி இதுதான். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். பையனாவது டீக்கடையிலோ மைதானத்திலோ தன் கூட்டத்தைக் கண்டுபிடிப்பான். பெண்ணுக்குக் காலேஜ் பஸ் வருகிற தூரமே அவள் என்ன படிக்கிறாள் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

நான் செய்த ஒரு தப்பைச் சொல்ல வேண்டும். பன்னிரண்டு பதின்மூன்று வருடம் இருக்கும். என் வகுப்பில் ஒரு பையன், அப்பா கிடையாது, அம்மா பீடி சுற்றினார். கணக்கில் தொண்ணூற்றைந்துக்குக் குறையாமல் வாங்குவான். பள்ளி விட்டதும் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கு ஓடிவிடுவான், சம்பளம் கிடையாது, யாரும் போகச் சொல்லவில்லை. அம்மா வந்து, "எந்நேரமும் அந்தக் கடைலதான் கிடக்கான் சார், நீங்க சொன்னாக் கேப்பான்" என்று அழுதார். நான் அவனைக் கூப்பிட்டு, இவ்வளவு மார்க்கை வைத்துக்கொண்டு கரிப் பிடித்த கையோடு நிற்கலாமா என்று கேட்டேன். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகச் சொன்னேன். போனான். நான் சொன்னதால் போனான். இரண்டாம் வருடத்தில் அரியர் சேர்ந்தது, மூன்றாம் வருடம் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டான் என்று அவன் அம்மா வந்து சொன்னபோது எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது.

அவனை மீட்டது அந்தக் கடைக்காரர்தான், நான் இல்லை. ஒரு நாள் வீட்டுக்கே வந்து, கார் பருவ நெல் சாகுபடி தொடங்கிவிட்டது, பம்ப்செட் மோட்டார் எட்டு காத்துக் கிடக்கிறது, என்னால் தனியாக முடியவில்லை என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். இப்போது அவனுக்கு அம்பாசமுத்திரம் பக்கம் சொந்தக் கடை. போய்ப் பார்த்தேன். எரிந்துபோன ஸ்டேட்டரிலிருந்து பழைய செம்புக் கம்பியை உருவி, சுற்றை எண்ணி, கம்பியின் கேஜ் அளந்து, காகிதம் செருகி, புதுக் காயிலை ஒவ்வொரு ஸ்லாட்டிலும் இறக்கிக் கட்டி வார்னிஷில் முக்கும்போது அவன் முகம் வகுப்பில் கடினமான கணக்கு ஒன்றைப் போடுகிறபோது இருந்த அதே முகம். அவனுடைய கணக்கு எங்கேயும் போய்விடவில்லை, கம்பிச் சுற்றுகளுக்குள் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. பெரிய வருமானம் இல்லை. அடுத்த நெல் பருவமான பிசானத்துக்கு நடவு நேரத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் விவசாயிகள் வந்து நிற்பார்கள். படித்த படிப்பை முடித்திருக்கலாமே என்று அவன் அம்மாவுக்கு இன்னும் ஒரு வருத்தம் இருக்கிறது, அதை அவன் மறைக்கவில்லை. "அம்மா சொல்றதும் சரிதான் சார்" என்றான், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே.

அதற்குப் பிறகு நான் வராந்தாவில் செய்வது ஒன்றுதான். பெற்றோருக்கு ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் கேட்பேன். என்ன ஆகணும் என்று கேட்பதில்லை, அதற்குப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிற பதில்தான் வரும். போன மாதம் யாரும் சொல்லாமல், மார்க் இல்லாமல், நீயாக என்ன செய்தாய் என்று கேட்பேன். பலர் முதலில் ஒன்றுமில்லை சார் என்பார்கள். கொஞ்சம் காத்திருக்க வேண்டும். போனில் வீடியோ பார்த்தேன் என்று சொன்னால் என்ன வீடியோ, பார்த்துவிட்டு எதையாவது செய்து பார்த்தாயா என்று கேட்க வேண்டும், பார்ப்பது ஒன்று, கை போவது வேறு. வந்த பதிலை வைத்து அங்கேயே கோர்ஸ் முடிவு பண்ணுவதும் இல்லை. சமைக்கப் பிடிக்கிறது என்றால் கேட்டரிங் என்று எழுதிக்கொடுத்துவிட முடியாது, அந்த வேலை பார்க்கிற ஒருத்தரோடு பத்து நாள் இருந்து பார், கஷ்டம் தெரிந்தபிறகும் பிடிக்கிறதா சொல் என்றுதான் அனுப்புகிறேன். பெற்றோரிடம் நான் கேட்பது அந்தப் பத்து நாளை மட்டும்.

இந்த மே மாதம் ஒருத்தர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். லாரி ஓட்டுகிறவர், ராத்திரி வண்டி இறங்கி அப்படியே வந்திருந்தார். பி.காம். போடலாமா, கம்ப்யூட்டர் போடலாமா என்று கேட்டார். நான் வழக்கம்போல அந்தப் பெண்ணிடம் கேட்டேன். ஒன்றுமில்லை சார் என்றது. காத்திருந்தேன். பிறகு மெதுவாக, "எங்க ஆச்சிக்கு சுகர் சார். எந்த மாத்திரை எப்போ சாப்பிட்டாங்க, அன்னைக்கு என்ன சாப்பாடு, சுகர் எவ்வளவு இருந்ததுன்னு ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஒரு வருசமா. எந்த மாத்திரை மாத்தினப்ப குறைஞ்சதுன்னு பாக்கத்துக்கு" என்றது.

அப்பா நாற்காலியிலிருந்து திரும்பி மகளைப் பார்த்தார். "எந்த நோட்டு? என்ட்ட காட்டவே இல்லயே" என்றார்.